நெலிடா கொடுத்த தொப்பி

முள் கிழித்த கையோடு கணினி படித்தவள் நெலிடா. மலையூரான கயம்பேயின் ரோஜாப் பண்ணையில் பகலெல்லாம் முள் களைவாள், சாயங்காலம் ஊருக்குள் போய்ப் படிப்பாள். கடைசியில் பூக்கட்டும் கூடத்து மூலையில் ஒரு கண்ணாடி அறையும் ‘சிஸ்டம்காரி’ என்ற பட்டமும் கிடைத்தன. அதன் பிறகு எது நின்றாலும் அவள் தலைதான் உருண்டது, காபி மெஷின் நின்றாலும்கூட.

காதலர் தின வாரம் வந்தது. மேஜைத் திரையில் பெட்டியைப் பதிந்தால் லேபிள் வந்தபாடில்லை. திரை யோசித்து, தோற்று, மறுபடி யோசித்தது. லேபிள் இல்லாத பெட்டியைக் குளிர் அறைக்குள் விடமாட்டார்கள். வெளியே குவிந்த பெட்டிகளில் மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கிவிட்டன. தலைநகர் கீத்தோவின் விமான நிலையத்துக்குப் போகும் லாரி வாசலில் நின்றது.

நெலிடா லேபிள் பிரிண்டரை அணைத்துப் போட்டாள். அதன் கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டினாள். எல்லா வேகமும் சற்று நேரத்துக்குத்தான், திரும்பவும் பழைய கதை. மென்பொருளை விற்ற தலைநகரக் கம்பெனிக்காரன் போனில், “புது சர்வர் வாங்குங்க” என்றான். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

மேலாளர் தோன் அனிபல் கண்ணாடியைத் தட்டினார். “என்னம்மா, பூவெல்லாம் இங்கயே கல்யாணம் பண்ணிக்கப்போகுதா? இந்த லாரி காலியாப் போச்சுன்னா வாங்குறவன் கொலம்பியாப் பண்ணைங்களுக்குப் போயிடுவான். அப்புறம் பண்ணையே இல்ல, தெரியுதா?”

“தெரியுது என்ஜினியர்.” மேலாளரை அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சர்வரில் எந்த மேஜை எந்த மேஜைக்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைக் கடைசியில்தான் திறந்தாள். முதலில் பார்த்திருக்க வேண்டியது அது. எல்லா மேஜைகளும் ஆறேழு மேஜைகளுக்காகக் காத்துக்கிடந்தன. அந்த மேஜைகளில் ஆளில்லை, திரையில் பெட்டி மட்டும் திறந்திருந்தது. அது நெலிடாவே எழுதிக்கொடுத்த பூட்டு.

அந்தக் கூடத்தில் எழுந்து போகிற பெண் தன் கம்பளித் தொப்பியைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போவாள். தொப்பியிருக்கும் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். கூலி பெட்டிக் கணக்கு என்பதால், கணினி வந்ததும் அடுத்தவள் பெட்டியைத் திரையில் தன் பெயரில் தட்டிக்கொள்ள முடிந்தது, அடிதடியாயிற்று. “திரையிலயும் ஒரு தொப்பி வச்சுக் குடு கொமாத்ரே” என்று கெஞ்சியவள் ஹெனோவேவா, நெலிடா ஞானத்தாயாக நின்று கையில் ஏந்திய குழந்தையின் தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நெலிடாவும் செய்துகொடுத்தாள். பெட்டி திரையில் திறந்திருக்கும்வரை அது திறந்தவளுடையது. ஆனால் அடுத்த பெட்டிக்கு எண் கொடுக்கும் வரிசையும் அதோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். நாலு மேஜை இருந்த காலத்தில் அது தெரியவில்லை. இப்போது கூடம் நிறைய மேஜைகள், சாப்பாட்டுக்குப் போனவர்கள் எல்லாருடைய தொப்பியும் சிஸ்டத்துக்குள் இருந்தது.

“தொப்பிங்கள எடுத்தா ஓடிடும்,” என்றாள் தோன் அனிபலிடம். “ஆனா அவங்க சேமிக்காத பெட்டிக் கணக்கெல்லாம் அழிஞ்சிடும். அவங்க வர்ற வரைக்கும்...”

“சாப்பாட்டுக் கொட்டகை அந்தக் கோடியில இருக்கு. லாரிக்காரன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான்,” என்றார் அவர்.

ஒவ்வொரு இணைப்பாக வெட்டினாள். ஹெனோவேவாவின் பெயரில் விரல் நின்றது. காலையிலிருந்து அவள் குனிந்தே கட்டியது அது. பாழாய்ப்போன நேரம். அதையும் வெட்டினாள்.

திரைகள் ஒரே மூச்சில் ஓடின. மற்ற பெண்கள் அந்தப் பெட்டிகளைத் தங்கள் பெயரில், தங்கள் கூலிக் கணக்கில் தட்டினார்கள், லேபிள் மழையாய்க் கொட்டியது. லாரி நிறைந்து கிளம்பியது. தோன் அனிபல் அவள் தோளைத் தட்டி, “கெட்டிக்காரி!” என்றார். அந்தச் சொல் அவளைச் சுட்டது.

சாப்பிட்டவர்கள் திரும்பினார்கள். மேஜைமேல் தொப்பிகள் இருந்தன, அடியில் பெட்டி இல்லை. கூச்சல் எழுந்தது. ஹெனோவேவா மட்டும் கண்ணாடி அறைப் பக்கம் வந்தாள். வறுத்த சோளப் பொட்டலம் ஒன்றை மடியிலிருந்து எடுத்து, வாசலிலேயே வைத்தாள். தினமும் நெலிடாவுக்குக் கொண்டுவருவதுதான்.

“கொமாத்ரே, வேற வழியில்லாமத்தான்...” என்றாள் நெலிடா.

“இருக்கட்டும் செஞ்யோரா” என்றாள் ஹெனோவேவா, முதலாளியம்மாவிடம் பேசுகிற குரலில். தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கூடத்தின் மறுகோடி மேஜைக்கு நடந்தாள்.