ஊர் எல்லைக்கு உள்ளே

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆண் நர்ஸாக இருந்தேன். எண்பதுகளில் அப்படி ஒரு பிராணி உண்டு என்பதையே மலை ஜனங்கள் நம்பவில்லை. டாக்டர் லீவில் போனால் என்னையே 'டாக்டரே' என்றார்கள். நானும் மறுத்ததில்லை.

வயிற்றில் கட்டியோடு ஒரு சாமை விவசாயி படுத்திருந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கீழே பெரிய ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிய ஆள். என்னிடம் இருந்தது பாரசிட்டமால். அது அவர் வலியை நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடும்.

அவர் மனைவி மருந்து கேட்கவில்லை, நாள் கேட்டாள். நெல்லிவாசல் பக்கம் அவர்கள் ஊரில், எல்லைக்கு வெளியே உயிர் போனால் உடலை உள்ளே விடமாட்டார்கள்.

"என்னிக்குன்னு சொல்லிடுங்க டாக்டரே. அதுக்கு முன்ன வூட்டுக்கு இட்டுக்கினு போய்டறேன்."

"பத்து நாள் தாங்கும்மா" என்றேன். நம்பினாள். நான்காம் நாள் காலையில் மூச்சு இழுத்தது.

வாடகைக்குப் பிடித்த ஜீப்பின் டிரைவர் எட்டிப் பார்த்தார். "பொணம்லாம் ஏத்தறதில்ல சார். நீங்க கூட வந்தீங்கன்னா பேஷண்ட்டு."

சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி ஏறினேன். பாதி வழியில் நாடி நின்றது.

"இருக்காரா சார்?"

"இருக்காரு. நீ ரோட்டப் பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கணவனின் இமைகளை மெல்ல மூடினாள். பிறகு டிரைவருக்குக் கேட்கும்படி, "இன்னும் கொஞ்ச தூரந்தான். தூங்கிக்கினே வா" என்றாள்.

எல்லையில் நான்கு பேர் மறித்தார்கள். "இன்னா, உசுரு இருக்குதா?"

பாட்டிலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். "வழி விடுங்கய்யா, மருந்து ஏறிக்கிட்டிருக்கு."

விட்டார்கள். வீட்டுக்குள் பாயில் கிடத்தி, ரொம்ப நேரம் நாடி பார்த்தேன். பிறகு உதட்டைப் பிதுக்கினேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

திரும்பும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை, என் நடிப்பு பரவாயில்லை என்பதைத் தவிர.

"சொட்டு நின்னுபோனது கண்ணாடியில தெரிஞ்சுது சார்" என்றார் டிரைவர்.

"அப்புறம் ஏன்யா ஓட்டின?"

"நிறுத்தி? அந்தம்மாவ எங்க எறக்கிவிடச் சொல்றீங்க?"

வழியில் ஓடையோரம் நிறுத்தி ஜீப்பைக் கழுவினார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பசிதான் வந்தது.