கீழ்வீட்டு அஞ்ஞானி

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அம்மா தன் பெயரை மறந்துவிட்டார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு என்னிடம் ஒழுங்கான ஆதாரங்களும் இருந்தன.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து கடல்கடந்து வந்து குடியேறிய ஹோம்புஷ்ஷில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற செங்கல் அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் ஆகிய நால்வரும் இருந்தோம். அப்பா நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தார். மாமா பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். அதாவது, எங்கள் ஒரேயொரு சாய்வுக் கதிரையில் படுத்துக்கொண்டு, படிக்கப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா வீட்டிலிருந்தார்.

அம்மாவுக்கு அந்த வருடம் முழுவதும் நெஞ்சு படபடத்தது. வைத்தியர் நாடி பார்த்து, இருதயத்தில் பிழையில்லை, புதிய நாடு, பழகிவிடும் என்று சொல்லி, சிறிய வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்திருந்தார். மாத்திரைகள் குசினி யன்னலோரத்தில் இருந்தன, படபடப்பும் இருந்தது. வெளியே புறப்பட்டுப் படியிறங்கிய பின்னும், காஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்க அம்மா திரும்பி ஏறுவார். என்னைப் பாடசாலையில் விட்டபின், மணி அடித்து வகுப்புகள் தொடங்கிய பிறகும் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். பக்கத்து வீட்டுத் தொலைபேசி ஒலித்தால்கூடக் கையிலிருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். அம்மா பயந்த எல்லாவற்றுக்கும் நானும் பயந்தேன். எதற்கென்று தெரியாதபடியால் கொஞ்சம் கூடுதலாகவே பயந்தேன்.

கீழ்வீட்டில் ஒரு வெள்ளைக்கார அன்ரி தனியாக இருந்தார். பூக்கன்றுகள் விற்கும் இடமொன்றில் அவருக்கு வேலை. நரைத்த தலைமயிரை இடுப்புவரை விரித்துவிட்டு, குளிர்காலத்திலும் வெறுங்காலோடு நடப்பார். எல்லா வீட்டாருக்கும் பொதுவான பின்வளவில், துணி காயப்போடும் கம்பிகளுக்கு அப்பால் ஓர் ஈழத்தலரி மரம் நின்றது. அதன்கீழ் அவர் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு மெழுகுதிரியும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் மாமா தபால்பெட்டியடியில் அவரைச் சந்தித்துவிட்டுப் படிகளில் தாவி ஏறி வந்தார்.

“அக்கா, கீழ இருக்கிற அன்ரி எந்தக் கோயிலுக்குப் போறவ எண்டு கேட்டன். தான் பேகனாம்! நேர்ஸ் எண்டு சொல்லுற மாதிரிச் சிரிச்சுக்கொண்டு சொல்லுறா.”

பேகன் எனக்குத் தெரிந்த சொல். பாடசாலையில் வாரத்துக்கு ஒருமுறை கிறிஸ்தவ வேதபாடம் சொல்லித்தர வந்த பெண்மணி, அந்தச் சொல் வரும்போது குரலைத் தாழ்த்துவார். அவர்கள் மரத்தையும் கல்லையும் கும்பிட்டு வழிதவறிப்போனவர்கள் என்றும், அவர்களுக்காக நாம் இரங்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அவர்கள் பழைய காலத்து மனிதர்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். எங்களுக்குக் கீழே வாடகைக்கு இருப்பார்கள் என்று எண்ணவில்லை.

“பேகன் எண்டா என்ன, மாமா?”

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்த ஆங்கில - தமிழ் அகராதியை மாமா எடுத்தார். அது பாதிரியார் ஒருவர் அந்தக் காலத்தில் தொகுத்த புத்தகம். பக்கத்தில் விரலை ஓட்டி, தீர்ப்பு வாசிக்கும் நீதவானின் குரலில் சொன்னார்: “அஞ்ஞானி.”

“அஞ்ஞானி எண்டா?”

“ஒண்டுமே தெரியாத ஆள். தான் ஆரெண்டே தெரியாத ஆள்.”

“அப்ப கீழ ஒண்டு, மேல ஒண்டு,” என்று குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அம்மா பகிடி விட்டு வெகுநாளாகியிருந்தது.

பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அப்பா, “அந்தப் பாதிரியார் அதை எழுதேக்க எங்கட ஆக்களைத்தான் நினைச்சவர்,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தான் யாரென்றே தெரியாமற்போவது ஒரு நோய் என்றும், தடிமனைப்போல அது கிட்ட இருப்பவர்களுக்குத் தொற்றும் என்றும் அந்த நிமிடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. சொற்களைப் பிரித்துப் பார்ப்பதே இன்று என் பல்கலைக்கழகப் படிப்பாக இருக்கிறது. பேகன் என்பதற்கு இலத்தீனில் நாட்டுப்புறத்தார் என்றுதான் முதலில் பொருள் இருந்தது என்று யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தாலும், நான் ஆறுதலடைந்திருக்கமாட்டேன்.

ஏனென்றால், துணிக்கூடையோடு கீழே போன அம்மா உடனே திரும்பாமலிருப்பதை நான் கவனிக்கத் தொடங்கியிருந்தேன். யன்னலால் எட்டிப் பார்த்தேன். முதலில் அம்மா வட்டத்துக்கு வெளியே நின்று கதைத்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்துகொண்டு என்ன வேண்டுகிறீர்கள் என்று தான் கேட்டதாகவும், ஒன்றும் வேண்டுவதில்லை, சும்மா இருந்து எனக்குள்ளே இருப்பது யாரென்று பார்க்கிறேன் என்று அன்ரி பதில் சொன்னதாகவும், சும்மா இருப்பதற்கு எதற்கு இத்தனை கல் என்று தனக்குள் நினைத்ததாகவும் அம்மா பல வருடங்களுக்குப் பிறகு எனக்குச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் யன்னலில் தெரிந்தது மட்டுமே. ஒருநாள் அம்மா குனிந்து, செருப்பைக் கழற்றி, சோடியாக வைத்துவிட்டு வட்டத்துக்குள் போனார். கோயில் வாசலில் மட்டுந்தான் அவர் செருப்பை அப்படி வைப்பார்.

மேலே வந்ததும், “அப்பாட்ட இதைச் சொல்லத் தேவையில்லை, என்ன பிள்ளை,” என்றார். அதை அதட்டலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நான் அம்மாவைச் சோதிக்கத் தொடங்கினேன். “அம்மா, எங்கட வீட்டு நம்பர் என்ன?” “அம்மா, மாமான்ர பிறந்தநாள் எப்ப?” எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தது. ஒருநாள் தலை பின்னிவிடும்போது, துணிந்து, “அம்மா, நான் ஆர்?” என்று கேட்டேன்.

“நீ ஒரு கரைச்சல். தலையை ஆட்டாமல் இரு.”

இதைச் சரியென்று கொள்வதா பிழையென்று கொள்வதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கோடை முடிந்து, இரவும் பகலும் ஒரே அளவாக வரும் நாள் வந்தது. அன்ரிக்கு அது பெருநாள். நான் பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்ததும் அம்மா கூடையைத் தூக்கினார். நான் சத்தமில்லாமல் பின்னால் இறங்கி, காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளின் மறைவில் நின்றேன். ஈரத்துணி முகத்தில் ஒட்டியது.

ஒவ்வொரு கல்லின்மேலும் ஓர் ஈழத்தலரிப் பூ இருந்தது. அது அம்மாவின் வேலை. கல்லை நாட்டிவிட்டு வெறுமனே விடக்கூடாது என்று அம்மா தன் தயங்கும் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க, தனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லையே என்பதுபோல அன்ரி கவனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் கண்ணை மூடினார்கள். பின்னால் ஒரு ரயில் போனது. ரயில் போனால் அம்மா தோளைக் குறுக்குவார். அன்று தோள்கள் அசையவில்லை. அம்மாவுக்கு ரயிலே கேட்கவில்லை என்று நினைத்தேன். இனி நான் கூப்பிட்டாலும் கேட்காது என்று நினைத்தேன்.

அன்ரி கண்ணைத் திறக்காமலே அம்மாவிடம் கேட்டார்: “நீ யார்?”

அந்தக் கேள்விக்கு விடை எனக்கே தெரியும். மிஸிஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் அப்பாவின் பெயரைச் சேர்த்தால் அம்மாவின் பெயர் வரும். வைத்தியரும் என் ஆசிரியையும் அப்படித்தான் அழைத்தார்கள். ஊரிலிருந்து வந்த நீல நிற விமானக் கடிதங்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. வீட்டில் நான் அம்மா என்றேன். மாமா அக்கா என்றார். அப்பா ‘இஞ்சாரும்’ என்பார். அம்மா ‘இஞ்சாருங்கோ’ என்பார். இங்கே பார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இருவரும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு பெயர் தேவைப்படவில்லை.

அம்மா மிஸிஸ் என்று தொடங்கினார். அன்ரி தலையை அசைத்து, “அதில்லை. நீ,” என்றார்.

அம்மா, பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பவர்போல, மெதுவாக ஒரு பெயரைச் சொன்னார். ஒரு பெண்ணின் பெயர். நான் அதுவரை கேட்டிராத பெயர். இன்னொரு தரம் கொஞ்சம் உரத்துச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தார்.

நான் தெருவுக்கு ஓடி, அப்பாவுக்காக வெகுநேரம் காத்து நின்றேன். கடைசியில் அவர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தார். அவருடைய பையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, அம்மாக்குத் தன்ர பேர் மறந்துபோச்சு. கீழ்வீட்டு அன்ரி ஆரெண்டு கேட்டவ. அம்மா வேற ஆற்றையோ பேரைச் சொல்லுறா.”

“என்ன பேர்?”

சொன்னேன். அவர் கோபிக்கப்போகிறார் என்று விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

“திரும்பச் சொல்லு.”

திரும்பச் சொன்னேன். எப்போதோ குடியிருந்த ஒரு தெருவின் பெயரைக் கேட்டவர்போல அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

நாங்கள் மேலே போனபோது அம்மா குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமினார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

“என்ன? ஊரில ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?”

“சேச்சே, ஒண்டுமில்லை.” அப்பா கதவு நிலையைத் தடவினார். “தேத்தண்ணி ஒண்டு குடிக்கலாமோ எண்டு கேட்டனான்.”

“அதுக்கு ஏன் பேரைச் சொல்லி வெருட்டுறியள்?”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் சிறிது நேரம் எதையும் கிளறாமல் நின்றார். கதிரையில் கிடந்த மாமா, புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தி, அந்த வருடத்தில் முதல் தடவையாகப் படிக்கத் தொடங்கினார்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அப்பாவுக்கும் தொற்றிவிட்டது. மாமாவை நான் கணக்கில் எடுக்கவில்லை. இனி அந்த வீட்டில் தான் யாரென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேனாவை எடுத்து, இடது உள்ளங்கையில் என் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழுத்தி எழுதினேன்.

என்னைக் குளிக்கவார்க்கும்போதும் அம்மா பாடிக்கொண்டேயிருந்தார். காஸ் அடுப்பைப் பார்க்க ஒரு தரமேனும் எழுந்து போகவில்லை. அதையும் மறந்துவிட்டார் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

“ஏனடி கையை மேல பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?” என்று முதுகுக்குச் சவர்க்காரம் போட்டபடி கேட்டார்.

விரல்களை இறுக மூடி, தண்ணீர் படாதபடி அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.