வீட்டுக் காவலுக்கு ஒரு துவக்கு

வைலேயில் காணி வாங்கி, அத்திவாரம் வெட்டி, சொந்தமாய் வீடு கட்டின முதல் தமிழன் நான்தான். இல்லையென்று சொல்லுகிறவர் ஆராவது இருந்தால் முன்னுக்கு வரட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த டெனிஷ்காரர் நாட்டுக்கு வந்து மீன் பக்டரியில் தலை வெட்டினேன். பிறகு கந்தோர்களில் மேசையும் நிலமும் துடைத்தேன். பிறகு துடைக்கிறதுக்கு ஆக்களை வைத்து வேலை வாங்கினேன். என்னுடைய வான் வண்டியில் என்னுடைய பேர் எழுதியிருக்கும். படித்தவர்கள் வந்து என்னிடம் வேலை கேட்டிருக்கிறார்கள், கொடுத்தும் இருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் கள்ளன் புகுந்தான்.

அன்றைக்கு நாங்கள் ஓல்போர்க்கில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தோம். கலியாணவீடு என்றால் எங்கள் பெண்டுகளின் நகையெல்லாம் கழுத்திலும் கையிலும் இருக்கும். செத்தவீட்டுக்குத் தாலிக்கொடியை மட்டும் சீலைக்குள் விட்டுக்கொண்டு போவார்கள், மற்றதெல்லாம் அலுமாரிக்குள் கிடக்கும். வந்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது. பின்பக்க யன்னலைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொன்றையும் தொடாமல், நேரே எங்கள் படுக்கையறைக்குப் போயிருக்கிறான்.

என் மனுசி நகைக்கு அழவில்லை. அலுமாரியில் இருந்த சீலைகளையெல்லாம் இழுத்துப்போட்டுத் தோய்க்கத் தொடங்கினா. பட்டுச்சீலையையும் தண்ணிக்குள் போட்டா.

"என்னப்பா, பட்டையுமோ?" என்று கேட்டேன்.

"அவன் கை பட்டது," என்றா.

அதன்பிறகு அவவால் அந்த வீட்டில் தனிய இருக்க ஏலாமல் போய்விட்டது. வயோதிபர் இல்லத்தில் இருபது வருசத்துக்கு மேல் வேலை செய்தவ. செத்த உடம்புகளைத் தனிய நின்று கழுவி உடுப்பு மாற்றினவ. அந்த மனுசி, குளிர்சாதனப்பெட்டி உறுமினால் எழும்பி நின்றா. நான் விடியமுன் வேலைக்கு வெளிக்கிட்டால் தானும் வெளிக்கிடுவா. நான் கந்தோருக்குள் ஆக்களோடு துடைத்து முடிக்குமட்டும் வானின் முன்சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருப்பா. கடைக்கு, வங்கிக்கு, எங்கே போனாலும் பக்கத்தில் இருப்பா.

ஒருநாள் வானுக்குள் வைத்துச் சொன்னா: "இஞ்சருங்கோ, வீட்டை வித்துப்போட்டு பிரெடெரிசியாவுக்குப் போவம். மகள் இருக்கிற மாடிக் கட்டிடத்தில எங்கட ஆக்கள் மேலயும் கீழயும் இருக்கினம். கதவைத் தட்டினா ஆரும் திறப்பினம்."

"நான் கட்டின வீட்டை விட்டுட்டு ஓடச் சொல்லுறீரோ?"

"ஓடச் சொல்லேல்ல. போவம் எண்டுதான் சொல்லுறன்."

எனக்கு ஓட்டம் பழக்கமில்லை. எங்கள் தெருவில் வேட்டைக்குப் போகிற டெனிஷ்காரர் இருக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் நாயோடும் துவக்கோடும் காரில் ஏறுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இருக்கலாம் என்றால் எனக்கும் இருக்கலாம். வீட்டில் ஒரு துவக்கு இருந்தால் மனுசிக்குத் துணிவு வரும் என்று நினைத்தேன்.

துவக்குக் கடைக்கும் அவ கூட வந்தா, வீட்டில் தனிய இருக்கிற பயத்தில். கடைக்காரன் என் வயதுக்காரன். அவனிடம் நேராகவே கேட்டேன்: "கள்ளன் உள்ளுக்கு வந்தால் ஒரே வெடியில் விழவேணும். எது நல்லது?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "வீட்டுக் காவலுக்கென்று இந்த நாட்டில் ஒருத்தருக்கும் துவக்குக் கிடையாது. வேட்டைக்கென்றால் படித்து, சோதனையில் பாஸ் பண்ணி, பொலிஸ் அனுமதியோடு வரவேணும். அப்பவும் அது இரும்பு அலுமாரிக்குள் பூட்டித்தான் இருக்கவேணும். கள்ளனிடம் 'கொஞ்சம் பொறு, திறப்பை எடுத்துவாறன்' என்று சொல்லுவீரோ?"

மனுசி சிரித்துவிட்டா. களவு போனபிறகு அவ சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

சோதனை என்றால் எனக்குப் பயமோ? அறுபத்துமூன்று வயதில் புத்தகத்தைத் தூக்கினேன். எந்தப் பறவையை எந்த மாதம் சுடலாம், எதைத் தொடவே கூடாது, குழலில் தோட்டா இல்லையென்று எப்படித் திறந்து பார்ப்பது, எல்லாம் அதில் இருந்தது. குசினி மேசையில் வாத்துப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பாடமாக்குவேன். மனுசி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பா.

"இதில எந்த வாத்தப்பா என்ர பதக்கஞ் சங்கிலியைக் கொண்டுபோனது?"

முதல்தரம் எழுத்துச் சோதனையில் விழுந்தேன். இரண்டாந்தரம் பாஸ். பறக்கிற மண்தட்டைச் சுடுகிற சோதனையில் என்னோடு நின்ற இளந்தாரிப் பெடியங்கள் தவறவிட்டார்கள், நான் விடவில்லை. தோளில் உள்ளங்கையளவுக்கு நீலம் பாய்ந்து கிடந்தது. மனுசி எண்ணெய் தேய்த்துவிட்டா.

திரும்ப அதே கடைக்குப் போனோம். கடைக்காரன் கை தந்தான். வேட்டைதானே என்று கேட்டான். ஓம், வாத்து என்றேன். அவன் இரண்டு மூன்று துவக்கை எடுத்துவைத்தான். ஒன்றில் குழல் இரண்டும் பக்கம் பக்கமாய் இருந்தது. மற்றதில் ஒன்றின்மேல் ஒன்று. முதல்தரம் வாங்குகிறவருக்கு மேலும் கீழுமாய் இருப்பதுதான் சுகம், குறிபார்க்க ஒரே கோடு என்றான். பிறகு என் தோளில் வைத்துப் பார்த்து, பிடி எனக்கு நீளம், அதனால்தான் தோள் அடிபடும், பெண்களுக்கென்று செய்த கட்டைப் பிடியொன்று இருக்கிறது, அது அளவாயிருக்கும் என்றான்.

"ஆம்பிளைத் துவக்கையே தாரும்," என்றேன்.

அவன் மூலையில் சப்பாத்துப் பெட்டிகளுக்கு நடுவில் கதிரையில் இருந்த மனுசியைப் பார்த்தான். அவவுக்குக் கோப்பியும் கொடுத்திருந்தான். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டான். மரியாதைக்குக் கேட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

அவ கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, டெனிஷில் சொல்லத் தொடங்கினா. என்னைவிட நல்ல டெனிஷ் அவவுக்கு. வயோதிபர்களோடு கதைத்துக் கதைத்து வந்தது.

தன் தகப்பனிடம் இப்படி ஒரு துவக்கு இருந்தது என்றா. லைசென்சோடு, தோட்டத்துக்கு வருகிற பன்றிக்கும் வீட்டுக் காவலுக்கும். அதைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். நாட்டில் சண்டை தொடங்கினதும் இயக்கப் பெடியங்கள் ஒரு பொழுதுபடுகிற நேரம் வந்தார்கள். ஐயா, உங்களிட்டத் துவக்கு இருக்காம் என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். பிறகு ஆமி வந்தது. லைசென்ஸ் உன்ர பேரில இருக்கு, துவக்கு எங்கே என்று கேட்டது. இல்லையென்று சொன்னார். ஏற்றிக்கொண்டு போனார்கள். தான் வாசற்படலையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னா.

"எங்கள் ஒழுங்கையில் துவக்கு இல்லாத வீடுகளுக்கு ஒருத்தரும் வரவில்லை," என்று முடித்தா.

எனக்குத் தெரிந்தது மாமாவை ஆமி பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டது என்ற அளவுதான். கலியாணம் பேசும்போது சொன்னது. இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்தும், அந்தத் துவக்கு, அந்தப் படலை, ஒன்றும் என் காதுக்கு வந்ததில்லை. தமிழில் சொல்ல ஏலாமல் இருந்ததோ என்னவோ. ஆரோ ஒரு துவக்குக் கடைக்காரனுக்குச் சொன்னதைப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

அவன் துவக்குகளை ஒவ்வொன்றாய் எடுத்துச் சுவரில் திரும்பக் கொழுவினான். "இன்றைக்கு நான் உங்களுக்கு விற்கமாட்டேன்," என்றான். "வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் கதையுங்கள்."

அது எனக்குச் சுட்டது. என் காசை, என் கையில் இருக்கிற அனுமதியை, ஒரு கடைக்காரன் வேண்டாம் என்கிறான். வீட்டுக்குப் போகும் வழியில் மனுசி சொன்னா: "நீங்கள் வாங்கிறதெண்டா வாங்குங்கோ. அது வீட்டுக்கு வாற அண்டைக்கு நான் மகளிட்டப் போறன்."

சும்மா சொல்லுறா என்று இருந்தேன். ஓல்போர்க்கில் வேறு கடையில் வாங்கினேன். மேலும் கீழுமாய்க் குழல், நீளப் பிடி, வால்நட் மரம். இரும்பு அலுமாரியை நிலவறைச் சுவரில் நானே துளைபோட்டு இறுக்கினேன். துவக்கோடு வந்து இறங்கினபோது அவ உடுப்புப் பெட்டியோடு விறாந்தையில் நின்றா. கோபமில்லை. மீன்குழம்பு அடுப்பில் இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ என்றா. மகள் காரில் காத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மழைகாலம் முழுக்க அந்த வீட்டில் துவக்கும் நானும் இருந்தோம். மகளுக்கு அடிக்கடி போன் எடுப்பேன், அம்மாவை அனுப்பு என்று. அவள் டெனிஷில்தான் பதில் சொல்லுவாள். "அப்பா, அம்மா இங்கே நித்திரை கொள்ளுகிறா. விடிய விடிய நித்திரை கொள்ளுகிறா."

கடைசியில் துவக்கைக் கொண்டுபோய் ஓல்போர்க் கடையில் திருப்பிக் கொடுத்தேன். நான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது என் சீவியத்தில் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பிரெடெரிசியாவுக்குப் போய், குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவவிடம் சொன்னேன்.

"குடுத்துட்டன்."

"நல்லது."

"அப்ப வாரும்."

அவ வெட்டினதை நிறுத்தவில்லை. "துவக்குக்குப் பயந்து மட்டும் நான் இஞ்ச வரேல்லையப்பா. அந்தக் கடையில நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே நிண்டனீங்கள். கேட்டுப்போட்டும் வாங்கினீங்கள்."

கீழ்வீட்டில் ஆரோ எங்கள் ஆக்கள் பலமாய்ச் சிரித்துக் கதைக்கிற சத்தம் தளத்தால் வந்தது. அவ அதைக் கவனிக்காமலே நின்றா. எங்கள் வீட்டில் இலை விழுந்தாலும் திரும்பிப் பார்த்த மனுசி.

"வீட்டை விக்கிறீங்களோ?" என்று கேட்டா.

நான் அந்த வீட்டின் கூரைக்கு ஒவ்வொரு ஓடாய்த் தூக்கிக் கொடுத்தவன். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவ சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டா. மீனில் எனக்குப் பிடித்த துண்டாய்ப் பார்த்து வைத்தா. சாப்பிட்டேன்.

சப்பாத்தைப் போடும்போது கேட்டேன்: "எப்ப வாறீர்?"

"அடுத்த ஞாயிறு நீங்கள் வாங்கோ," என்றா. "வரமுதல் போன் எடுங்கோ, சமைச்சு வைக்கிறன்."