கனகாவின் முழங்கால்

கனகாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. வரட்டும்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனி. நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதினோம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வருவாள். கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். சூப்பர்வைசரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார். அவள் புருஷன் கலியமூர்த்தி அதே கம்பெனியில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து அச்சு எடுக்கிறவர். அவர் அச்சில் பொம்மையின் சட்டைப் பொத்தான்கூடப் பிசகாது.

2004 தை மாதம், பஸ்ஸுக்கு நின்றவள் காலில் கரும்பு டிராக்டரின் டிரெய்லர் ஏறிவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பார்க்கப் போன என்னிடம், "அழுவாதக்கா. முட்டி தப்பிச்சிடுச்சு. முட்டி இருந்தா நடந்துடலாம்னு சொல்லிட்டாங்க" என்று அவள்தான் ஆறுதல் சொன்னாள். முதலாளியும், "பஸ் ஏறி நீயா நடந்து வந்தா உன் எடம் உனக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு நடப்பது ஒன்றுதான் குறி.

ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசச் செயற்கைக் கால் முகாம் போட்டார்கள். வெளியூர் ஆட்கள் வரிசையில் நிற்க வைத்து அவசர அவசரமாக அளவெடுத்தார்கள். கால் வர மாதக்கணக்கானது. அதற்குள் வெட்டின இடம் வற்றிச் சுருங்கிவிட்டது. மேடை, மாலை, போட்டோ எல்லாம் ஆனபின் மாட்டிப் பார்த்தால், கால் தொளதொளவென்று ஆடுகிறது.

"லூசா இருக்குதுங்க."

"பஞ்சு வெச்சிக்கம்மா" என்றார் மேடையிலிருந்த பெரிய மனுஷர்.

அளவெடுத்தவர்கள் அன்று வரவேயில்லை. செருப்புக் கடையில்கூடப் போட்டு நாலு அடி நடந்து பார்க்கச் சொல்வார்கள். இவர்களுக்கு அந்த நினைப்புகூட இல்லை. அடுத்த நாள் பேப்பரில் படம் மட்டும் பளிச்சென்று வந்தது.

காலைச் சரிசெய்து நடை பழக ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெயர் எதற்கு? பிசியோதெரபி என்று பெரிதாக போர்டு எழுதியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பிடித்துக்கொண்டு நடந்து பழகும் கம்பிகள், புது சைக்கிள். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கதவில் பூட்டு.

"இன்னும் ஆளே போடலம்மா" என்றார் வாட்ச்மேன்.

கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டத் தெரிந்தவர்களுக்கு உள்ளே ஓர் ஆளை உட்கார வைக்கத் தெரியவில்லை. நான் பூட்டைப் பிடித்து இழுத்தேன். கனகா மட்டும், "சரிக்கா, வூட்டுக்குப் போவலாம்" என்றாள்.

அப்போதுதான் கலியமூர்த்தி இறங்கினார். "அச்சு எடுக்கிறதுதானே? அது எனக்கு வராதா?" என்று அவள் காலிலேயே பிளாஸ்டரைப் பூசினார். தோலின் சுருக்கம், எலும்பின் மேடு, ஒன்றும் விடவில்லை. பைபர் தொட்டி ஒட்டுகிற ஒருவரைப் பிடித்து, அந்த அச்சுக்குச் சரியாக, வெட்டின காலை நுழைக்க ஒரு கிண்ணம் வார்த்து, முகாமில் கொடுத்த காலின் மேல் பொருத்தினார். உறை மாதிரி உட்கார்ந்தது. மறு வாரம் கனகா பஸ்ஸைவிட்டு இறங்கி, தானாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பெனியே எழுந்து நின்று பார்த்தது. கலியமூர்த்தியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் அவள் முகம் கறுத்தது. கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பாள். ஒருநாள் வேலை நேரத்தில் மயங்கிச் சாய்ந்தாள். காலைக் கழற்றினால், எலும்பு முனையில் சீழ் பிடித்த புண். வேலை போய்விடுமே என்று மறைத்திருக்கிறாள். அதைவிட, அந்த மனுஷனின் பெருமை போய்விடுமே என்று மறைத்திருக்கிறாள்.

பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். செயற்கைக் கால் செய்யும் பிரிவில் அனிஷா என்ற பெண் இருந்தாள். அதற்கென்றே காலேஜில் படித்தவள். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேலை ரொம்ப சுத்தமா இருக்குதுங்க. ஆனா அப்படியே அச்சா எடுத்ததுதாங்க தப்பு. எலும்பு முட்டுற எடத்துல கொஞ்சம் எடம் விடணும். முட்டிச் சில்லுக்குக் கீழ, பாரம் தாங்குற எடத்துல, அழுத்திப் பிடிக்கணும். இதுல எலும்பு முனையிலயே பாரம் எறங்கியிருக்குது."

கலியமூர்த்தி கிண்ணத்தை வாங்கி உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பொம்மையில் அச்சு மாறினால்தான் தப்பு. காலில் மாறாததே தப்பாகிவிட்டது.

"புண்ணு ஆறட்டும், நீயே ஒரு காலு செஞ்சு குடு தாயி" என்றேன்.

"அடுத்த மாசம் நான் வெளிநாட்டு வேலைக்குப் போறேங்க. இங்க இன்னும் தற்காலிகமாத்தான் வெச்சிருக்காங்க."

"அப்ப உன் எடத்துக்கு யாரு வருவா?"

"இன்னும் யாரையும் போடலங்க" என்றாள். அவளை எப்படித் திட்டுவது? இருக்கிறவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவர்களைத்தான் திட்ட வேண்டும்.

ஆபரேஷன் டாக்டர் வந்தார். புண் எலும்புக்குள் இறங்கி மேலே ஏறுகிறது, முழங்காலோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். கலியமூர்த்தி கையில் கிண்ணத்தைக் கண்டதும் அவர் பக்கம் திரும்பினார்.

"யோவ், இதெல்லாம் செய்ய நீ யாருய்யா? மனுஷக் காலு என்ன பொம்மையா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கலியமூர்த்தி குற்றவாளி மாதிரி கைகட்டி நின்றார். காய்ச்சலில் கிடந்த கனகா முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"அவர ஏங்க திட்டுறீங்க? எல்லா எடத்துலயும் போய்ப் பார்த்துட்டோம். செய்யத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருந்திருந்தா, எம் புருஷன் பொம்மைதாங்க செஞ்சிட்டு இருந்திருப்பாரு."

மறுநாள் காலையில் முழங்காலை எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது, "முட்டி இருக்குதாக்கா?"

நான் போர்வையை இழுத்து மூடினேன். போர்வைக்குள் கைவிட்டு அவளே தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். மேடை போட்டவன், மாலை போட்டவன், பூட்டுப் போட்டவன், ஒருவனையும் விடவில்லை. நர்ஸ் வந்து, "சத்தம் போடாதீங்கம்மா, மத்தவங்க தூங்குறாங்க" என்றாள்.

"அவ திட்டட்டும் விடு" என்று சொல்லிவிட்டு, நானும் அவளோடு சேர்ந்து திட்டினேன்.