எம்மாவு விருந்தில் இடக்கை

நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய ஓவியர் ஒருவரின் பிழையைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து திருத்தியவன் நான். அவர் பிழை எதுவும் செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது.

போர்டு எழுதுவது என் தொழில். ஃபிளெக்ஸ் வந்தபின் நேரம் மிஞ்சியது. ஓவிய வரலாற்றுப் புத்தகங்களாக வாங்கிப் படித்தேன். தொழிலுக்கு அது நல்லதல்ல.

கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஆரோக்கியமேரி வந்தார். கணவர் அந்தோணி மஞ்சள் காமாலையிலிருந்து பிழைத்தால் கோயில் பீடத்துக்குப் பெரிய படம் வைப்பதாக நேர்ந்துகொண்டவர். பிழைத்த அந்தோணி பக்கத்திலேயே நின்றார். மாதிரிக்கு ஒரு பழைய அச்சுப் படம்: உயிர்த்த இயேசு எம்மாவு என்ற ஊரில் இரு சீடர்களோடு அமர்ந்து, வலக்கையை உயர்த்தி அப்பத்தை ஆசீர்வதிக்கிறார். பெரிய மேதை ஒருவரின் ஓவியத்தைப் பார்த்து இன்னொருவர் வரைந்த நகல் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

"இதே மாதிரிங்க. பெருசா வேணும், அவ்ளோதான்" என்றார் ஆரோக்கியமேரி.

நகல் என்ற சொல் என்னைக் கெடுத்தது. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த நகல்களில் படம் இடவலம் மாறிவிடும் என்று படித்திருந்தேன். இதுவோ கித்தான் துணியில் கையால் வரைந்த நகலின் அச்சு. அந்தக் கதை இதற்குப் பொருந்தாது. யோசிக்கவில்லை. மூலத்தை மீட்பதாக நினைத்து, கட்டம் போட்டு, முழுப் படத்தையும் திருப்பி வரைந்தேன். இயேசுவின் இடக்கை உயர்ந்தது. வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் பெரிதில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

திருவிழாப் பூசைக்கு முன் திரையை விலக்கினார்கள். முன்வரிசையிலிருந்த அந்தோணியின் தங்கை சத்தமாகவே கேட்டாள்: "இன்னா அண்ணி இது, ஆண்டவரு பீச்சாங்கையால ஆசீர்வாதம் பண்ணிக்கினு இருக்காரு?"

கோயிலே சிரித்தது. நான் எழுந்து செப்புத்தகட்டைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட பங்குச் சாமியார், போனில் மேதையின் மூல ஓவியத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். வலக்கை.

ஆரோக்கியமேரி என்னைத் திட்டவில்லை. சாமியாரிடம், "என் நேர்ச்ச செல்லாதுங்களா சாமி? இவருக்குக் காமாலை மறுபடி வந்துடுமா?" என்றார்.

"செல்லும்மா. தப்பு வரைஞ்சவரோடது."

அத்தனை பேரும் பார்க்க, படத்தைத் துணியில் சுற்றி மினி வேனில் ஏற்றினேன். அந்தோணிதான் மறுமுனையைப் பிடித்தார்.

மறுபடி வரைந்தேன், மாதிரியில் உள்ளபடியே. இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: கொடுத்த மாதிரியில் சந்தேகம் வந்தால் பிரஷ்ஷைத் தொடுமுன் வாயைத் திறந்து கேளுங்கள். அவமானம் கம்மி.

புதிய படம் பீடத்தில் ஏறியதும் ஆரோக்கியமேரி முழங்காலிட்டு நெடுநேரம் பார்த்திருந்தார். ஏணியைப் பிடித்திருந்த அந்தோணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"நீங்க மட்டும் படிக்காத ஆளா இருந்திருந்தா, போன தபாவே முடிஞ்சிருக்கும்ங்க."