ரெண்டு மணிக் கதவு

மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். முப்பத்தோரு வருஷமாக அதுதான் ஏற்பாடு. அந்த நேரத்தில் யார் மணியடித்தாலும் திறக்கமாட்டாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பேரே ‘ரெண்டு மணி அக்கா’.

அந்தத் தூக்கத்துக்கு உலை வைத்தது மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. உடம்பு எத்தனை கலோரி எரித்தது என்று காட்டும். அவள் கணவர் பஸ் டிப்போவில், கிளம்பும் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறித்துச் சீட்டு கொடுக்கும் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணைக் கண்டால் சும்மா விடுவாரா? சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடையதில் 1,420. அவளுடையதில் 240.

முதல் நாள் சிரித்தார். மறுநாள் அறிவுரை. மூன்றாம் நாள் தீர்ப்பே எழுதிவிட்டார்: மதியம் படுப்பதால்தான் இந்த லட்சணம், இனி அந்த ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும்.

மூட்டு வலியோடு இரண்டு நாள் ஏறினாள். நாம்தான் ஒன்றும் செய்வதில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வலியைவிட அதுதான் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஜலதோஷம். காலையிலிருந்து சோபாவை விட்டு எழவில்லை. தண்ணீர்கூடக் கைக்கு வந்தது. ஏழு மணிக்கு மாத்திரை கொடுக்கும்போது அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். 1,265.

“ஏங்க, நீங்க படுத்த படுக்கையாக் கெடந்தீங்க. இதை யாரு வந்து எரிச்சுட்டுப் போனா?”

மகளுக்குப் போன் போட்டார்கள். மகள் சொன்னது இவ்வளவுதான்: சும்மா கிடந்தாலும் மூச்சு விட, இதயம் துடிக்க, உடம்பு எரித்துக்கொண்டேதான் இருக்கும். ஓடியாடி எரிப்பது தனி. அப்பாவின் கடிகாரம் இரண்டையும் கூட்டிக் காட்டுகிறது, அம்மாவுடையது ஓடியாடியதை மட்டும். அவசரத்தில் அப்படி மாற்றி வைத்துவிட்டாளாம். உள்ளே தட்டினால் பிரித்துக் காட்டும்.

போனை வைத்துவிட்டு, முதல் நாள் கணக்கு வரைக்கும் தட்டிப் பார்த்தாள். அவருடைய 1,420இல் ஓடியாடியது 190. அவளுடைய 240ஓ, நனைந்துவிடும் என்று பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க, தரை துடைக்க எல்லாவற்றுக்கும் கடிகாரத்தைக் கழற்றி வைத்த நேரம் போக வந்தது.

அவர் தொண்டையைக் கனைத்தார். சரி, இனிமேல் தண்ணீர் வேலைக்கும் கழற்றாதே, நானூறு காட்டினால் தாராளமாகப் படுத்துக்கொள் என்று பெரிய மனசு பண்ணினார்.

அவள் கடிகாரத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

“நானூறு காட்டினாலும் படுப்பேன், நாலு காட்டினாலும் படுப்பேன். எனக்கு அசதியா இருக்கு, படுக்கிறேன். அதுக்கு உங்ககிட்ட சீட்டு வாங்கிக்கிட்டுப் போக நான் என்ன பஸ்ஸா?”

மறுநாள் இரண்டு மணிக்குக் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மெல்ல ஒரு தட்டல். டீத்தூள் எங்கே என்று கேட்டார். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுவது கேட்டது. அவள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள்.