பத்தொன்பது மதிப்பெண்

ஜமுனாமரத்தூருக்கு மேலே மலையில் சாமை பயிரிட்டு வாழும் தீர்த்தம்மாள், ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சத்துணவு வகுப்புக்கு ஆறு மாதம் தவறாமல் போனாள். முதல் தேர்வில் இருபதுக்கு மூன்று வாங்கியவள், கடைசித் தேர்வில் பத்தொன்பது வாங்கினாள்.

திட்டத்தின் பலனை மதிப்பிட வந்த ரம்யா பூரித்துப்போனாள். "நீங்கதான்க்கா எங்களுக்குப் பெரும!"

தீர்த்தம்மாள் இடுப்பிலிருந்த இரண்டு வயது மகளைக் காட்டினாள். "புளி யாவாரி தராசுல நிறுத்துப் பாத்தேங்க. வகுப்பு ஆரம்பிச்சப்போ ஒம்போது கிலோ, இப்பவும் அதேதான். இத்த எழுதிக்கிறீங்களா?"

ரம்யா தாள்களைப் புரட்டினாள். "எடை எழுத இதுல எடமில்லீங்க. உங்களுக்கு இன்னா தெரியும்னுதான் கேட்டிருக்காங்க."

"எல்லாந்தான் தெரியும். முட்ட, பருப்பு, பாலு. வாங்கத்தான் வழியில்ல. வெளஞ்ச சாமையையும் வித்துட்டோம். முன்னெல்லாம் தெரியாம வெறுஞ்சோறு போட்டேன். இப்ப தெரிஞ்சே போடுறேன்."

ரம்யா கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

அறிக்கையின் அட்டையில் தீர்த்தம்மாளின் படம் வந்தது. அடுத்த வகுப்பில் மற்ற தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க அவளையே வந்து கூப்பிட்டார்கள்.

"எல்லாம் மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.